ரிச் டெக்ஸ்ட் எடிட்டர் இணைத்தவர்களே, தமிழில் தட்டும்போது என்ன நடந்தது?

வணக்கம் நண்பர்களே. உள்ளூர்ச் செய்தித் தளம் ஒன்றின் நிருபர்கள் எழுதும் பக்கம் பராமரிப்புக்காக எங்கள் கைக்கு வந்தது. ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் கட்டிய பக்கம், உள்ளே எழுத்தை வடிவமைத்து எழுத உதவும் ஒரு ஓப்பன் சோர்ஸ் ரிச் டெக்ஸ்ட் எடிட்டர். லேப்டாப்பில் ஒரு குறையும் இல்லை. ஆண்ட்ராய்டு போனில் தட்டுகிறவர்களிடமிருந்துதான் புகார்: "கொ அடித்தால் கெகொ என்று விழுகிறது, கர்சர் வரியின் தொடக்கத்துக்குப் போய்விடுகிறது."

ஒவ்வொரு தட்டலுக்கும் எடிட்டரிலிருந்து எச்டிஎம்எல்லை ஸ்டேட்டில் (ரியாக்ட் தரவை வைத்திருக்கும் இடம்) எடுத்து, அதையே மறுபடி எடிட்டருக்குள் திணித்துக்கொண்டிருந்தது பழைய கோட். ஆங்கிலத்தில் இது பெரும்பாலும் தெரியாது. தமிழ் கீபோர்டில் ஓர் எழுத்து உருவாகிக்கொண்டிருக்கும்போது பிரவுசர் அதை முடிவாகாத நிலையில் பிடித்து வைத்திருக்கும். இந்த நிலை தொடங்குவதைச் சொல்லும் கம்போசிஷன்ஸ்டார்ட் நிகழ்வுக்கும் முடிவதைச் சொல்லும் கம்போசிஷன்எண்டுக்கும் நடுவில் உள்ளடக்கத்தைத் தொட்டால் குழம்பிவிடும். எந்த விசை அழுத்தப்பட்டது என்று சொல்லும் கீடவுன் நிகழ்வை நம்பவும் வழியில்லை. ஆண்ட்ராய்டில் எந்த எழுத்தைத் தட்டினாலும் பெரும்பாலும் 229 என்ற ஒரே எண்தான் வரும்.

தொடக்க உள்ளடக்கத்தை ஒரே ஒரு முறை கொடுத்துவிட்டு, அதன்பின் எழுத்தை எடிட்டரிடமே விட்டோம். சேமிக்கும்போது மட்டும் கேட்டு வாங்குகிறோம். ஆட்டோசேவ் கம்போசிஷன் முடியும்வரை காத்திருக்கும். புகார் நின்றது. எந்த எடிட்டர் நல்லது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: டூல்பாரைப் பார்க்கும் முன்னால் போனை எடுத்து நாலு வரி தமிழில் அடித்துப் பாருங்கள்.

மறுமொழி:

அண்ணா, எங்களுக்கு வேர்டிலிருந்து ஒட்டுவதுதான் பெரும் பாடு. பழைய கோப்புகள் எல்லாம் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. வேர்டு சேர்த்துவிடும் எம்எஸ்ஓ கிளாஸ், வெற்று ஸ்பான் டேக் போன்ற குப்பையை எடிட்டர் நன்றாகவே நீக்குகிறது, ஆனால் கூடவே எழுத்துருப் பெயரையும் நீக்கிவிடுகிறது. பாமினியில் உள்ளே இருப்பது ஆங்கிலக் குறியீடுகள், தமிழ் என்பது எழுத்துருவின் தோற்றம் மட்டும்தானே? அது போனதும் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கும்.

ஒட்டியதை மொத்தமாக யூனிகோடுக்கு மாற்றவும் முடியாது. நடுவில் டைம்ஸ் நியூ ரோமனில் இருக்கும் ஆங்கிலப் பெயர்களும் சேர்ந்து சிதைந்துவிடும். எனவே சுத்தம் செய்வதற்கு முன்பே குறுக்கிட வேண்டும். நாங்கள் புரோஸ்மிரர் என்ற எடிட்டர் நூலகத்தைப் பயன்படுத்துகிறோம். ஒட்டப்படும் எச்டிஎம்எல்லைக் கையில் தரும் வசதி அதில் உண்டு. எழுத்துரு பாமினி என்று இருக்கும் துண்டுகளை மட்டும் மாற்றிவிட்டு, மீதியை அப்படியே விடுகிறோம். ஒன்றைக் கவனியுங்கள்: சில கோப்புகளில் எழுத்துருப் பெயர் ஸ்பானில் இருக்காது, மேலே உள்ள ஸ்டைல் பகுதியில் எம்எஸ்ஓநார்மல் கிளாஸின் கீழ் இருக்கும். அதையும் படித்தால்தான் முழுதாகப் பிடிபடும்.

மறுமொழி:

சேமிக்கும் இடத்தையும் பாருங்கள். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் டெக்ஸ்ட் வகைக் காலம் (column) 65,535 பைட் வரைதான் கொள்ளும். யூடிஎஃப்-8 என்ற யூனிகோட் சேமிப்பு முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். த, ம, ி, ழ, ் என்று ஐந்து குறியீடுகள் கொண்ட 'தமிழ்' என்ற சொல்லே 15 பைட். அதோடு எச்டிஎம்எல் டேகுகளும் சேரும். குவில் போன்ற எடிட்டரில் படத்தைச் செருகினால் இயல்பாகவே அது பேஸ்64 சரமாக (படத்தை வெறும் எழுத்துகளாக மாற்றிய வடிவம்) கட்டுரைக்குள்ளேயே உட்காரும், கோப்பைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அளவில். ஒரே புகைப்படம் போதும், அந்தக் காலம் (column) நிரம்பிவிடும். அளவு மீறிய தரவை மறுக்கும் ஸ்ட்ரிக்ட் மோட் அணைந்திருந்தால் எச்சரிக்கையோடு மட்டும் கட்டுரையின் வால் வெட்டுப்படும். எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் நீண்ட நேர்காணல் இப்படிப் பாதியில் நின்றது. படத்தைத் தனியே அப்லோட் செய்து முகவரியை மட்டும் வைக்கும்படி மாற்றினோம்.

எடிட்டர் பிரவுசரில் செய்யும் சுத்திகரிப்பைப் பாதுகாப்பு என்று எண்ணிவிடாதீர்கள். எடிட்டரைத் தொடாமலே, சர்வர் தரவை வாங்கும் ஏபிஐக்கு நேராக யாரும் ஸ்கிரிப்ட் டேகை அனுப்பலாம். சர்வரில் அனுமதித்த டேகுகளின் பட்டியலை வைத்து வடிகட்டியே ஆக வேண்டும்.

மறுமொழி:

தலைப்புக்கு எழுத்து வரம்பு வைப்பவர்களுக்கும் ஒன்று. ஜாவாஸ்கிரிப்ட் லெங்த் 'தமிழ்' என்பதை 5 என்று எண்ணும். எழுதுகிறவர் கண்ணுக்கு அது 3 எழுத்து. ஜாவாஸ்கிரிப்டிலேயே உள்ள, சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரிக்கும் Intl.Segmenter கொண்டு எண்ணினால் 3 என்றே வருகிறது. எங்கள் தளத்தில் இப்போது அதுதான் ஓடுகிறது.