மழையில பிரேக் போட்டா வண்டி நிக்காம வழுக்குது, பெர்ஃபார்மன்ஸ் டயர் போட்டா சரியாகுமா?

ஈரச்சாலை:
எல்லாருக்கும் வணக்கம், ஒரு டயர் சந்தேகம், கொஞ்சம் நீளமா இருக்கும் பொறுத்துக்கிட்டு படிங்க. என்னோடது சாதாரண குடும்ப கார், தினமும் வேலைக்கு போக வர 60 கிமீ ஓடுது, பாதி ஊருக்குள்ள பாதி ஹைவே. டயர் சைஸ் 205/55 ஆர்16 (அகலம் 205 மில்லி, சைடுவால்னு சொல்ற பக்கச்சுவர் உயரம் அதுல 55 சதவீதம், ரிம் 16 இன்ச்), வண்டி வாங்கும்போது வந்த அதே நாலு டயர்தான், 46,000 கிமீ ஆச்சு. போன வாரம் நல்ல மழை, முன்னாடி போன வண்டி திடீர்னு நின்னுச்சு, நானும் பிரேக்க அழுத்தினேன், பெடல் காலுக்கடியில தடதடன்னு அடிக்குது, ஏபிஎஸ் வேலை செய்யுதுன்னு புரியுது, ஆனா வண்டி பாட்டுக்கு போயிக்கிட்டே இருக்கு. கடைசியில ஒரு முழம் இடைவெளியில நின்னுச்சு. பின்சீட்டுல அம்மா இருந்தாங்க, அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

பிரேக் பேட், டிஸ்க் எல்லாம் செக் பண்ணியாச்சு, நல்லா இருக்காம். டயர் கடையில கேட்டேன், இதே ரிம்முக்கு 225/50 ஆர்16 போடுங்க, அகலம் ஜாஸ்தி, கிரிப்பும் ஜாஸ்தின்னு சொல்றாங்க. ஃப்ரெண்ட் ஒருத்தன் 17 இன்ச் அலாய் வாங்கி பெர்ஃபார்மன்ஸ் டயர் போட்டுடுன்றான். எனக்கு ரேஸ் எல்லாம் வேண்டாம், மழையில வண்டி நிக்கணும், அவ்ளோதான். எதை போடறது? முன்னாடி ரெண்டு மட்டும் மாத்தினா போதுமா?

நட்டு_போல்ட்டு:
தம்பி, நல்லவேளை யாருக்கும் ஒண்ணும் ஆகல. வாங்குறதுக்கு முன்னாடி பழைய டயரை நல்லா பாருங்க, அது ஏன் கைவிட்டுச்சுன்னு தெரியாம புதுசு போட்டா அதையும் அதே மாதிரி தேய்ச்சுடுவீங்க. நாலு விஷயம் பார்த்து சொல்லுங்க. காலையில வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி, டயர் சூடாகாம இருக்கும்போது காத்து எவ்ளோ இருக்கு, டிரைவர் கதவு பக்கத்து ஸ்டிக்கர்ல எவ்ளோ போட்டிருக்கு. டயர் தயாரிச்ச தேதி, அதாவது டாட்னு ஆரம்பிக்கிற எழுத்து வரிசையோட கடைசியில இருக்கிற நாலு நம்பர், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். மூணாவது, தேய்மானம் நடுவுலயா, ரெண்டு ஓரத்துலயா, இல்ல ஒரே ஓரத்துலயா. நாலாவது, நேர் ரோட்டுல ஓட்டும்போது ஸ்டீரிங் நேரா நிக்குதா.

ஏபிஎஸ் பத்தி ஒண்ணு சொல்லிடறேன். அது சக்கரம் லாக் ஆகாம பார்த்துக்கும், அதனால ஸ்டீரிங் உங்க கையில இருக்கும். ஆனா ரப்பர்ல இல்லாத பிடிப்ப அதால கொண்டு வர முடியாது.

வளைவு77:
ப்ரோ, டயர் கடையில சொன்னது பொய் இல்ல, 225/50 ஆர்16 உங்க ரிம்முல உட்காரும், விட்டமும் கிட்டத்தட்ட அதேதான், பழசு 632 மில்லிமீட்டர்னா இது 631. ஆனா உங்களுக்கு அது மருந்து இல்ல. அகலம் கூடினா ரோட்டுல படுற இடம் அப்படியே பெருசாயிடும்னு நினைக்கிறோம், அது பெரும்பாலும் வண்டி எடையையும் காத்து அழுத்தத்தையும் பொறுத்தது, அகலம் கூடும்போது அந்த இடத்தோட வடிவம்தான் முக்கியமா மாறுது, நீளம் குறைஞ்சு அகலம் கூடுது. காய்ஞ்ச ரோட்டுல வளைவு திரும்பும்போது அது உதவும். தேங்கின தண்ணியில உல்டா, அகலமான டயர் ஒரே நேரத்துல அதிக தண்ணிய ஒதுக்கணும், அதனால சீக்கிரமே தண்ணி மேல மிதக்க ஆரம்பிக்கும்.

17 இன்ச் பத்தி. 225/45 ஆர்17 போட்டா விட்டம் 634, ஸ்பீடாமீட்டர் கணக்கு மாறாது, அது சரிதான். ஆனா சைடுவால் உயரம் 113 மில்லியிலேர்ந்து 101 ஆகுது. பள்ளத்துல விழுந்தா ரிம்ம காப்பாத்துறது அந்த ரப்பர்தான். தினமும் 60 கிமீ ஓடுற வண்டி, யோசிச்சுக்கோங்க.

பிடிப்பு வர்றது ரப்பர் கலவையிலயும் த்ரெட் டிசைன்லயும்தான் (ரோட்ட தொடுற பக்கத்துல வெட்டியிருக்கிற பள்ளங்களோட அமைப்பு), அதுக்கு காசு போடுங்க, சைஸ் அதே இருக்கட்டும்.

ஈரச்சாலை:
அண்ணே சொன்னதெல்லாம் பார்த்துட்டேன், பார்த்ததும் வயித்த கலக்கிடுச்சு. காத்து நாலுலயும் 38 பிஎஸ்ஐ இருக்கு, ஸ்டிக்கர்ல 32தான் போட்டிருக்கு. மைலேஜ் வரும்னு காத்து அடிக்கிறவர் சொல்லி நானும் ரொம்ப நாளா அப்படியே விட்டிருக்கேன். தேதி வெளிப்பக்கம் முழுசா இல்ல, ஸ்டீரிங்க ஒரு பக்கமா முழுசா ஒடிச்சு, தரையில படுத்து ஃபோன் டார்ச் அடிச்சு உள்பக்கம் படிச்சேன், தயாராகி ஏழு வருஷம் முடிஞ்சிருக்கு. பின்னாடி டயர்ல த்ரெட் பள்ளம் இன்னும் 4 மில்லி ஆழம் இருக்கு. முன்னாடி நடுவுல 2 மில்லி, வெளி ஓரம் 3, ஆனா உள் ஓரம் ரெண்டு பக்கமும் வழவழன்னு மொட்டையா இருக்கு, நின்னுக்கிட்டு பார்த்தா தெரியவே தெரியாது. ஸ்டீரிங் இடது பக்கம் லேசா சாஞ்சுதான் நேரா போகுது, பழகிப்போனதால கவனிக்கல.

நட்டு_போல்ட்டு:
காரணம் முழுக்க வந்துடுச்சு தம்பி. காத்து ஜாஸ்தியானதால டயர் நடுப்பாகம் புடைச்சு அதுதான் ரோட்ட தொடுது, அதான் நடுவுல தேய்ஞ்சிருக்கு, பிரேக் போடும்போது படுற இடமும் குறைஞ்சிருக்கும். உள் ஓரம் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தேஞ்சா பெரும்பாலும் டோ தப்பு, அதாவது முன் சக்கரம் ரெண்டும் வெளிப்பக்கம் பார்த்துக்கிட்டு ஓடியிருக்கு, கிமீ கணக்குல ரப்பரை ரோட்டுல தேய்ச்சுக்கிட்டே போயிருக்கு. ஒரே பக்கம் தேஞ்சிருந்தா சஸ்பென்ஷன்ல இருக்கிற புஷ், பால் ஜாயின்ட், இல்ல கேம்பர், அதாவது சக்கரம் உள்ளயோ வெளியயோ சாயுற கோணம்னு தேடணும். எதுக்கும் அலைன்மென்ட், அதாவது சக்கரக் கோணத்தை சரி பண்றதுக்கு முன்னாடி டை ராட் எண்டுல (ஸ்டீரிங்க சக்கரத்தோட இணைக்கிற கம்பியோட முனை) ஆட்டம் இருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க, ஆட்டத்தோட அலைன்மென்ட் பண்ணா ஒரு மாசம் கூட நிக்காது.

புது டயர்ல பள்ளம் சுமாரா 8 மில்லி இருக்கும். பள்ளத்துக்குள்ள குறுக்கா ஒரு சின்ன மேடு இருக்கும் பாருங்க, அது 1.6 மில்லியில ரப்பரோட சமமா வந்துடும், வந்துட்டா டயர் முடிஞ்சதுன்னு அர்த்தம். ஆனா மழைக்கு அவ்ளோ நாள் காத்திருக்கக் கூடாது, 3 மில்லிக்கு கீழ வந்தாலே தண்ணிய வெளியேத்துற சக்தி நல்லாவே குறைஞ்சிடும். ஏழு வருஷத்துல ரப்பரும் இறுகிப்போயிருக்கும். இந்த டயர்ல இனி மழையில ஹைவே ஏறாதீங்க.

அமைதிப்பயணி:
நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்றேன். ரெண்டு வருஷம் முன்னாடி என் வண்டிக்கு உச்ச பெர்ஃபார்மன்ஸ் டயர் போட்டேன், பிடிப்பு அருமை, அதுல குறையே இல்ல, ஆனா 25,000 கிமீல தேஞ்சு போச்சு, சத்தம் வேற. தினசரி ஓட்டத்துக்கு நல்ல டூரிங் டயரே போதும்னு இப்ப நினைக்கிறேன். மிஷ்லின் பைலட் ஸ்போர்ட், பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்சா, கான்டினென்டல் ஸ்போர்ட் கான்டாக்ட் எல்லாம் ஒரு குடும்பம், ஸ்டீரிங் திருப்பின உடனே வண்டி திரும்பணும்னு ஆசைப்படறவங்களுக்கு, அதுலயும் பெரும்பாலான சைஸ் 17 இன்ச்சுக்கு மேலதான் கிடைக்கும். அதே கம்பெனிகளோட பிரைமசி, டுரான்சா, பிரீமியம் கான்டாக்ட் இன்னொரு குடும்பம், டூரிங்னு நான் சொன்னது இதுதான், சத்தம் கம்மி, ஆயுசு ஜாஸ்தி, ஈரத்துல நிக்கறதுலயும் நல்ல பேரு இருக்கு. உங்க கேள்விக்கு ரெண்டாவதுதான் பதில்னு எனக்கு தோணுது.

இன்னொண்ணு, சம்மர் ரப்பர்னு வர்ற டயர் குளிர் சுமார் 7 டிகிரிக்கு கீழ போனா விறைச்சுக்கும். பனி விழுற இடத்துல இருக்கறவங்க இதப் படிச்சு அதே டயரை வாங்கிடாதீங்க, உங்களுக்கு மூணு சிகர மலைக்குள்ள பனிச்செதில் (ஸ்னோஃப்ளேக்) படம் போட்ட டயர் வேணும்.

வளைவு77:
டூரிங் போதும்னு சொன்னத ஒத்துக்கறேன், ஆனா எந்த டூரிங்னு பார்க்கணும், பெயர பார்த்து வாங்கக் கூடாது. ஐரோப்பிய லேபிள் கிடைச்சா அதுல ஈர பிடிப்புக்கு ஏ-யிலேர்ந்து ஈ வரைக்கும் ஒரு எழுத்து இருக்கும், 2021 மே மாசத்துலேர்ந்து இந்த அஞ்சு எழுத்து முறைதான். உங்களுக்கு ஏ, இல்லாட்டி குறைஞ்சது பி. சைடுவால்ல இருக்கிற ட்ரெட்வேர் நம்பர், அதாவது தேய்மான எண், பெருசா இருந்தா ஆயுசு ஜாஸ்தின்னு பொதுவா சொல்லலாம், ஆனா அந்த நம்பரை ஒவ்வொரு கம்பெனியும் தானே சோதிச்சு போடறது, அதனால ரெண்டு கம்பெனிய பக்கத்துல வச்சு ஒப்பிடாதீங்க.

ஈரப்பிடிப்புன்னு ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா ஒரு கணக்கு போட்டு பாருங்க. 80 கிமீ வேகத்துல பிரேக் போடறீங்க, நடுவுல யோசிக்கிற நேரத்தை விட்டுடுங்க. ஈர ரோட்டுல பிடிப்பு (உராய்வு எண்) 0.7 இருந்தா 36 மீட்டர்ல நிக்கும். 0.5 ஆச்சுன்னா 50 மீட்டர் வேணும். வெறும் 14 மீட்டர்தானேன்னு தோணும், ஆனா நல்ல டயர் போட்ட வண்டி நின்னுட்ட அந்த 36வது மீட்டர்ல மத்த வண்டி இன்னும் சுமார் 43 கிமீ வேகத்துல வந்துக்கிட்டிருக்கும். நீங்க சொன்ன அந்த ஒரு முழம் இடைவெளிய நினைச்சுப் பாருங்க ப்ரோ.

ஈரச்சாலை:
படிச்சதும் கை நடுங்கிடுச்சு. சரி, சைஸ் மாத்தல, 205/55 ஆர்16 தான். இன்னும் ரெண்டு கேள்வி. பின்னாடி டயர் 4 மில்லி இருக்கே, முன்னாடி ரெண்டு மட்டும் போடலாமா? அப்புறம் சைஸுக்கு பக்கத்துல 91வி-ன்னு இருக்கு, கடையில 91ஹெச் கொஞ்சம் குறைவா வருதுன்னாங்க.

நட்டு_போல்ட்டு:
பின்னாடி டயருக்கும் அதே ஏழு வயசுதான் தம்பி, நாலையும் மாத்துங்க. ரெண்டுதான் வாங்க முடியும்னு யாருக்காவது நிலைமை வந்தா, புதுச பின்னாடி போட்டு பழச முன்னாடி கொண்டு வரணும், அதுவும் இருக்கற பழசு முன்னாடி ஓடுற அளவுக்கு நல்லா இருந்தாத்தான். முன் சக்கரம் இழுக்கிற வண்டியா இருந்தாலும் இதேதான். நிறைய பேர் இதுல சண்டைக்கு வருவாங்க. முன்னாடி வழுக்கினா வண்டி நேரா போகும், காலை எடுத்தா திரும்ப பிடிக்கும். பின்னாடி வழுக்கினா வால் சுத்திக்கிட்டு முன்னாடி வந்துடும், சாதாரணமா ஓட்டறவங்களால அதை திருப்ப முடியாது.

91ங்கிறது சுமை எண், ஒரு டயர் 615 கிலோ தாங்கும். அதுக்கு கீழ போகவே கூடாது. ஹெச் 210 கிமீ வேகம், வி 240. அந்த வேகத்துல நீங்க போகப் போறதில்லதான், ஆனா வண்டி கம்பெனி மேனுவல்ல என்ன எழுத்து சொல்லியிருக்கோ அதோ அதுக்கு மேலயோ போடுங்க.

போடும்போது பக்கத்துலயே நில்லுங்க. சைடுவால்ல அவுட்சைடுன்னு போட்டிருக்கிற பக்கம் வெளியே வரணும், அம்புக்குறி இருந்தா சுத்துற திசைய பார்க்கணும். தேதிய ஏத்தறதுக்கு முன்னாடியே படிச்சுடுங்க, வால்வும் புதுசு போடச் சொல்லுங்க.

ஈரச்சாலை:
பத்து நாள் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். நாலும் மாத்தியாச்சு, டூரிங் வகை, 91வி, லேபிள்ல ஈர பிடிப்பு ஏ. ஏத்தறதுக்கு முன்னாடி தேதி பார்த்தேன், ஒரு டயர் மட்டும் மூணு வருஷம் பழசு, கேட்டதும் மாத்திக் கொடுத்துட்டாங்க. டை ராட் எண்டு ஒண்ணுல ஆட்டம் இருந்துச்சு, அதையும் மாத்திட்டு அலைன்மென்ட் பண்ணோம், ஸ்டீரிங் இப்ப நேரா நிக்குது. காத்து காலையில 32.

முதல் 300 கிமீ மெதுவா ஓட்டினேன், புது டயர் மேல வழவழப்பு போகணும்னு சொன்னாங்க. நேத்து மழை. ஆள் இல்லாத ரோட்டுல பின்னாடி வண்டி இல்லன்னு பார்த்துட்டு 50 கிமீல வேணும்னே அழுத்தினேன். பெடல் கடைசியில ஒரே ஒரு தடவை துடிச்சுது, வண்டி அப்படியே அமுங்கி நின்னுச்சு. சத்தம் பழசை விட கம்மி, ஸ்டீரிங் கொஞ்சம் மெத்துனு இருக்கு, அது பரவால்ல. திரும்பி வரும்போது அம்மா பின்சீட்டுல தூங்கிட்டு வந்தாங்க. எல்லாருக்கும் மனசார நன்றி. அடுத்து எப்ப என்ன பார்க்கணும்னு மட்டும் சொல்லிடுங்க அண்ணே.

நட்டு_போல்ட்டு:
ரொம்ப சந்தோஷம் தம்பி. வீல் நட்ட இன்னும் பார்க்கலன்னா நாளைக்கே ஒரு தடவை டார்க் ரெஞ்சு (நட்ட சரியான அளவுக்கு முறுக்கற ஸ்பானர்) வச்சு பார்த்துடுங்க. காத்து மாசம் ஒரு தடவை, காலையில. 10,000 கிமீல முன்னாடி பின்னாடி மாத்துங்க. அப்போ சக்கரம் கழட்டியிருக்கும்போது உள் ஓரத்துல உள்ளங்கைய வச்சு ரெண்டு திசையிலயும் தடவிப் பாருங்க. ஒரு பக்கம் வழுக்கிட்டு மறுபக்கம் ரம்பப் பல்லு மாதிரி கையில இடறிச்சுன்னா டோ மறுபடி விலகிடுச்சுன்னு அர்த்தம், கண்ணுக்கு தெரியறதுக்கு ரொம்ப முன்னாடியே கைக்கு தெரிஞ்சிடும்.