குரல் லிஸ், ஆட்டம் பாபி

குழு: ஞானம் வீட்டுப் பிள்ளைகள்

டேனி, மாலை 6:40
தாத்தா ஆச்சியின் 50-ஆவது திருமண நாளுக்கு நாங்கள் ஆடப்போகும் பாட்டு இதுதான். ரீல்ஸ் பூராவும் ஓடுகிறது. எல்லாரும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.
[காணொளி]

பியூலா, 6:44
டேய் டேனி, இது போனி எம் என்கிற டிஸ்கோ பாட்டுக் குழுவின் 'ராஸ்புடின்'! 1978-இல் வந்த பாட்டு. நீ அனுப்பியிருப்பது 2021-இல் மெஜஸ்டிக் என்கிற டிஜே போட்ட ரீமிக்ஸ். உன் தாத்தாவின் கேசட் பெட்டியில் அசலே இருந்தது. நானும் சாம்சன் அண்ணனும் தேயத் தேயக் கேட்டிருக்கிறோம்.

சாம்சன், 6:46
நாடா அறுந்தால் நெயில் பாலிஷ் வைத்து ஒட்டுவாள் இவள் 😀

டேனி, 6:47
அப்படியா அத்தை? இந்தக் குரல் யாருடையது? ஆடுகிறாரே, அவருடையதா?

ஜாய்ஸ், 6:51
இல்லைடா. அவர் பாபி ஃபாரல். அந்த ஆண் குரல் ஃப்ராங்க் ஃபாரியன் என்கிற ஜெர்மன் தயாரிப்பாளருடையது. பாபி மேடையில் வாயசைத்தார், அவ்வளவுதான். குழுவில் இருந்த மேஸி வில்லியம்ஸும் ரெக்கார்டில் பாடவில்லை. என்னைக் கேட்டால் இது ஏமாற்று வேலை. இதே ஃபாரியன்தான் பிற்பாடு மிலி வனிலி என்று இரண்டு பையன்களை வாயசைக்க வைத்தார். 1990-இல் அவர்களுக்குக் கொடுத்த கிராமி விருதையே திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

பியூலா, 6:58
ஜாய்ஸ், மிலி வனிலியை இதோடு சேர்க்காதே. அங்கே முன்னால் நின்ற இருவருமே பாடவில்லை. போனி எம்மில் லிஸ் மிட்செலும் மார்சியா பாரெட்டும் நிஜமாகப் பாடினார்கள். இரண்டு பேரும் ஜமைக்காவில் பிறந்து இங்கிலாந்துக்குப் போனவர்கள். 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' முழுக்க லிஸ் குரல்தான் தாங்குகிறது. 'பெல்ஃபாஸ்ட்' மார்சியாவின் பாட்டு. இந்த இரண்டு பெயர்களும் எத்தனை பேருக்குத் தெரியும்? எல்லாரும் தயாரிப்பாளரைப் பற்றிப் பேசுகிறார்கள், இல்லாவிட்டால் பாபியின் ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். எனக்கு அதுதான் ஆற்றாமை.

டேனி, 7:00
அப்போ குழு எப்படி ஆரம்பித்தது?

பியூலா, 7:09
ஃபாரியன் சமையல் படித்தவர். பாட்டில் இறங்கி, 1974 கடைசியில் 'பேபி டூ யூ வானா பம்ப்' என்று ஒன்றைத் தானே பாடிப் பதிந்தார். கனத்த குரலும் அவர்தான், கீச்சுக் குரலும் அவர்தான். ஒரு ஆஸ்திரேலிய டிவி தொடரில் வரும் துப்பறிவாளரின் பெயர் போனி. அதோடு ஒரு 'எம்' சேர்த்துப் பெயர் வைத்தார். பாட்டு விற்கத் தொடங்கியதும் மேடைக்கு முகம் வேண்டுமே? அப்படித்தான் ஆள் தேடினார். கடைசியில் மேஸி, மார்சியா, லிஸ், பாபி என்று நாலு பேர் நிலைத்தார்கள். மேஸி மாண்ட்செராட் தீவுக்காரர், பாபி அரூபா. எல்லாருமே கரீபியன் பிள்ளைகள். 1976-இல் 'டாடி கூல்'. ஜெர்மன் டிவியில் அதை ஆடிக் காட்டியதும் ஐரோப்பா முழுக்கப் பிடித்துக்கொண்டது.

சாம்சன், 7:13
அங்கேதான் நான் பாபி பக்கம். ஸ்டுடியோவில் பாடியது யாராக இருந்தாலும் சரி, மேடையில் அந்த மனிதர் கை காலை வீசி, சுழன்று, விழுந்து எழுந்து ஆடாவிட்டால் டாடி கூலை யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள்? 1981-இல் அவர் விலகியதும் ரெஜி சிபோ வந்தார். நன்றாகவே பாடுவார். ஆனால் பழைய மவுசு திரும்பவில்லை. 1986-இல் குழுவைக் கலைத்துவிட்டார்கள்.

ஜாய்ஸ், 7:15
ஆடுபவர் என்று சொல்லி மேடையில் நிறுத்தியிருந்தால் எனக்குச் சண்டையே இல்லை பெரியப்பா.

சாம்சன், 7:16
அது நியாயம். அந்தத் தப்பு நிறுத்தியவருடையது, ஆடியவருடையது இல்லை.

பியூலா, 7:24
பாபிலோன் பாட்டைப் பற்றி ஒன்று சொல்கிறேன். நம் வீட்டில் அது ஞாயிற்றுக்கிழமையும் ஓடும். பைபிளில் வரும் 137-ஆம் சங்கீதம் அல்லவா? சிறைப்பட்டுப் போனவர்கள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து தங்கள் ஊரான சீயோனை நினைத்து அழுகிறார்கள். அசல் பாட்டு 1970-இல் தி மெலோடியன்ஸ் என்கிற ஜமைக்கா குழு பாடியது. அவர்கள் ரஸ்தஃபாரி என்கிற ஜமைக்கா மத நம்பிக்கைப்படி, எத்தியோப்பியப் பேரரசரைக் குறித்து 'கிங் ஆல்ஃபா' என்று பாடினார்கள். போனி எம் அந்த இடத்தில் 'ஆண்டவர்' என்று மாற்றியது. அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்த பெண் லிஸ். 'அந்நிய தேசத்தில் எப்படிப் பாடுவோம்' என்கிற வரி அவர் வாயில் வரும்போது தாளம் துள்ளுகிறது, குரல் மட்டும் துள்ளாமல் நிற்கிறது. இன்னொரு தடவை கேள், உனக்கே புரியும்.

1978-இல் இங்கிலாந்தில் அது ஐந்து வாரம் முதலிடம். இறங்கத் தொடங்கியதும் ரேடியோக்காரர்கள் தட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் போட்டார்கள். அதில் 'பிரவுன் கேர்ள் இன் தி ரிங்'. ஜமைக்காவில் பிள்ளைகள் வட்டமாக நின்று விளையாடும் பாட்டு. அதே தட்டு மறுபடியும் இரண்டாம் இடம் வரை ஏறியது! சுமார் 20 லட்சம் விற்றிருக்கிறது. அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கும் 'மேரிஸ் பாய் சைல்ட்' அங்கே முதலிடம்.

டேனி, 7:27
ராஸ்புடின் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே அத்தை 😢

சாம்சன், 7:33
நான் சொல்கிறேன். ராஸ்புடின் என்பவர் ரஷ்ய அரச குடும்பத்துக்கு நெருக்கமாக இருந்த சாமியார். 1978 டிசம்பரில் போனி எம்மை மாஸ்கோவுக்கே கூப்பிட்டார்கள். சோவியத் காலத்தில், மேற்கத்திய பாப் குழுவை! செஞ்சதுக்கத்தில் படம் எடுக்கக்கூட விட்டார்கள். ஆனால் மேடையில் 'ராஸ்புடின்' மட்டும் இல்லை. மெட்டைக் கேட்டால் துருக்கி நாட்டுப்பாடல் 'காதிபிம்' மாதிரியே இருக்கும். பாபி இறந்தது 2010 டிசம்பர் 30, செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் ஹோட்டல் அறையில். முந்தின நாள் இரவும் மேடையில் ஆடியிருக்கிறார். ராஸ்புடினைக் கொன்றதும் அதே ஊரில்தான், 1916-இல் அதே தேதியில். எனக்கு அதை நினைத்தால் இன்னும் மனசு என்னவோ செய்யும்.

ஜாய்ஸ், 7:35
பாவம். அது எனக்குத் தெரியாது பெரியப்பா.

ஞானமுத்து தாத்தா, 7:48
எல்லாம் படித்தேன். ராஸ்புடினில் அவரை ரஷ்ய ராணியோடு சேர்த்துப் பேசுகிற வரிக்கு ஆதாரம் கிடையாது. என் திருமண நாளில் அந்தப் பாட்டு வேண்டாம். டாடி கூல் ஆடுங்கள். பாபிலோனை ஆட்டத்துக்கு எடுக்காதீர்கள். சாப்பாட்டு நேரத்தில் சும்மா ஒலிக்கட்டும்.

பியூலா, 7:50
சரிப்பா. சின்னக் குட்டிகளுக்கு 'பிரவுன் கேர்ள்' வைப்போம். அது வட்டமாக நிற்கிற விளையாட்டுத்தான், ஸ்டெப் பழக்க வேண்டியதில்லை. நடுவில் ஒரு பிள்ளை வந்து ஆடினால் மற்றதுகள் அதைப் பார்த்துச் செய்யும்.

ஜாய்ஸ், 7:52
தொகுத்து வழங்குவது நான்தான். ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் பாடியவர் பெயர் சொல்வேன். லிஸ் மிட்செல், மார்சியா பாரெட். ஆடியவர் பாபி என்றும் சொல்வேன்.

பியூலா, 7:52
❤️❤️ இது போதும்டி எனக்கு.

டேனி, 7:55
சரி, டாடி கூல். நாளை சாயங்காலம் 5 மணிக்கு பெரியப்பா வீட்டு மாடியில் ஒத்திகை. பாபி ஸ்டெப் யார் சொல்லித் தருவது?

சாம்சன், 7:56
நான். ஸ்பீக்கரைச் சார்ஜ் போட்டு எடுத்து வா.