எரிஸ்தவிக்கு தமிழ்ல என்ன போடலாம்?

எல்லாருக்கும் வணக்கம்,

காக்கசஸ் மலைப்பக்கம் இருக்கற ஜார்ஜியா நாட்டோட வரலாற மொழிபெயர்க்கும்போது, அங்க ராஜாவுக்குக் கீழ ஒரு பகுதிய ஆண்டவரோட எரிஸ்தவிங்கற பட்டத்துக்கு ஒரு சொல் தேவைப்படுதுன்னு போன மடல்ல கேட்டிருந்தேன், மூணு பரிந்துரை வந்துச்சு, இளவரசர், கோமகன், சிற்றரசர். மூணுலயும் எனக்கு மனசு ஒப்பல. ஏன்னு சொல்லணும்னா லிபாரித் கதைய கொஞ்சம் சொல்லியாகணும்.

நாலாம் லிபாரித், பக்வாஷி குடும்பம், க்ல்தெகாரி எரிஸ்தவி, 11ஆம் நூற்றாண்டு. க்ல்தெகாரின்னா பாறைக் கதவுன்னு அர்த்தம், திரியாலெதி மலைல இருக்கற கணவாய்க் கோட்டை. அப்ப ராஜா நாலாம் பக்ராத், சின்ன வயசுலயே பட்டத்துக்கு வந்தவர். லிபாரித் அவருக்கு ஆதரவா இருந்துட்டு அப்புறம் மாறி, ராஜாவோட மாற்றாந்தாய்க்குப் பிறந்த தம்பி தெமெத்ரேவ சிம்மாசனத்துல உக்கார வைக்கப் பாத்தார். 1042ல சசிரெத்தில பக்ராத் வரங்கியர்ங்கற வடக்கு ஐரோப்பிய வீரர்கள் படையோட வந்தும் லிபாரித்துதான் ஜெயிச்சார். 1048ல கபெத்ரோன் போர்ல பைசாந்தியர் (கிழக்கு ரோமப் பேரரசு) பக்கம் நின்னு செல்ஜூக் துருக்கியர்கிட்ட சிறைப்பட்டார், சுல்தான் துக்ரில் விடுதலை பண்ணி அனுப்பினதும் ஊருக்கு வந்து விட்ட இடத்துலேர்ந்து ஆரம்பிச்சார். ராஜா பைசாந்தியத் தலைநகர் கான்ஸ்தாந்திநோபிள்ல மூணு வருசம் மாட்டிகிட்டு இருந்தப்ப ராஜா மகன் கியோர்கிக்கு ருயிசி தேவாலயத்துல முடிசூட்டி, நிஜத்துல நாட்ட ஆண்டவர் இவர்தான்.

இவ்வளவு செல்வாக்கு இருந்தும் தனக்கு முடி சூட்டிக்கல பாருங்க. ஏன்னா அவர் அரச ரத்தம் இல்ல, ராஜ வம்சமான பக்ரதியோனி குடும்பத்துக்காரர் இல்ல. அப்ப இளவரசர்னோ கோமகன்னோ எழுதினா படிக்கறவங்க ராஜா மகன்னுதான் நினைப்பாங்க. ரெண்டும் அங்கயே அடிபட்டுப் போச்சு.

சிற்றரசர் பத்தி: எரிஸ்தவிங்கறது முதல்ல ராஜா கொடுக்கற பதவி, ஒரு பகுதிய நிர்வாகம் பண்றதும் அங்க படை திரட்டறதும் வேலை, நாளாவட்டத்துலதான் அப்பன் பிள்ளைன்னு பரம்பரையாச்சு. கொடுத்தவர் திருப்பி எடுத்துக்க முடியுமாங்கறதுதான் பக்வாஷிகளுக்கும் ராஜாவுக்கும் நடந்த சண்டையே. கடைசில பின்னாடி வந்த ராஜா நாலாம் தாவீது எடுத்தே காட்டினார், 1100ஐ ஒட்டின வருசங்கள்ல க்ல்தெகாரி எரிஸ்தவி பதவியே இல்லாம போச்சு. சிற்றரசர்னு எழுதிட்டா இந்தச் சண்டை என்னத்துக்குன்னே புரியாது. அதோட ஜார்ஜியன்ல ம்தவரின்னு இன்னொரு சொல் இருக்கு, தனியா ஆள்றவருக்கு. ததியானி குடும்பம் ஒதிஷிங்கற பகுதிக்கு எரிஸ்தவியா இருந்து பின்னாடி ம்தவரியா ஆனவங்க. சிற்றரசரை அதுக்கு வச்சுக்கலாம், ரெண்டுக்கும் ஒரே சொல் போட்டா அந்த மாற்றத்த எழுதவே வழி இல்ல.

இப்ப சொல்ல பிரிச்சுப் பாப்போம். தவின்னா தலை. எரின்னா பழைய ஜார்ஜியன்ல படையும் மக்களும் ரெண்டும்தான், சண்டைக்குப் போறவனும் குடியும் அவங்களுக்கு ஒண்ணு. நாம படை வேற குடி வேறன்னு பாக்கறவங்க, படைத்தலைவர்னு போட்டா மக்கள் விட்டுப் போகும், ஆளுநர்னா படை விட்டுப் போகும். ஆனா குடிபடைன்னு நம்மகிட்ட ஒரு சொல் இருக்கே. அதனால என் பரிந்துரை குடிபடைத்தலைவர். தலைக்கு தலையும் சரியா வந்து உக்காருது, எனக்கு ரொம்ப சந்தோசம். இத சொன்னப்ப வந்த ரெண்டு கேள்விக்கும் இங்கயே பதில் சொல்லிடறேன்.

> குடிபடைன்னா எங்க பக்கம் பண்ணையார் ஆளுங்கன்னு அர்த்தம் வருதுங்களே. ஜார்ஜியாவுக்கு ஒத்து வருமா?

நல்ல கேள்விங்க ஐயா, ரெண்டு நாள் இதையேதான் யோசிச்சேன். சுமார் 1060ல லிபாரித்த பிடிச்சு ராஜாகிட்ட ஒப்படைச்சது வெளிலேர்ந்து வந்த படை இல்ல, கல்மகி சூலா தலைமையில அவர் கீழ இருந்த பிரபுக்களேதான். மொட்டை அடிச்சு அந்தோன்னு பேர் வச்சு துறவியாக்கி கான்ஸ்தாந்திநோபிளுக்கு அனுப்பிட்டாங்க, அங்கயே செத்தார், உடல மட்டும் கத்ஸ்கி மடத்துக்குக் கொண்டாந்து அடக்கம் பண்ணாங்க. அவருக்குத் தலைவணங்கினவங்களுக்கு மேல ராஜான்னு இன்னொருத்தர் இருந்தார், பண்ணை ஆள் மாதிரி அவருக்கே சொந்தம் இல்ல. அதனால நீங்க சொல்ற வாடை இருக்குங்கறத ஒத்துக்கறேன், முதல் தடவை வரும்போது "எரிஸ்தவி எனும் குடிபடைத்தலைவர்"னு எழுதிட்டா அந்தக் குழப்பம் குறையும்.

> எரிஸ்தவி இப்ப குடும்பப் பேராவும் இருக்கே?

ஆமாங்க, அங்க மொழிபெயர்க்கக் கூடாது, பேர் பேராவே இருக்கட்டும்.

இன்னொண்ணு பாக்கி இருக்கு. எரிஸ்தவி ஆள்ற பகுதிக்கு சஎரிஸ்தவோன்னு பேர். குடிபடைநாடுன்னு போட்டுப் பாத்தேன், நாடுன்னா தனி நாடு மாதிரி தெரியுது. நிலப்பகுதியக் குறிக்கற பற்றுங்கற சொல்ல சேத்து தலைவர்பற்றுன்னு வைக்கலாமா? வேற நல்லதா தோணினா எழுதுங்க, ஞாயித்துக்கிழமை வரைக்கும் அந்தப் பத்திய எழுதாம நிறுத்தி வைக்கறேன்.