அட்வான்ஸ் போடட்டுமா? – 'செவ்வாப்பேட்டை வீடு' குரூப்

கலா அத்தை: (பலமுறை பகிரப்பட்டது) முன்னாள் ராணுவத்தினர் அனைவருக்கும் பால் பூத் இலவசம்!! இந்த வாரம் மட்டும். டிஸ்சார்ஜ் புக் ஜெராக்ஸ் போதும். 10 பேருக்கு அனுப்பவும்

கலா அத்தை: முருகேசா பாத்தியா

தினேஷ்: அத்தை, பத்து பேருக்கு அனுப்பியாச்சா

ராஜா சித்தப்பா: கலா, அது டெல்லி சமாச்சாரம். மதர் டெய்ரி பூத்தை முன்னாள் படைவீரர்களுக்குக் குடுக்கறது டெல்லியிலயும் அதைச் சுத்தியும்தான். சேலத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

கலா அத்தை: நல்லது நடக்கட்டும்னுதான் அனுப்பினேன்

முருகேசன்: சித்தப்பா, காபி வறுக்கற மிஷின்காரர் கூப்பிட்டார். 5 கிலோ டிரம்மு, கிரைண்டரும் சேத்து. நாளைக்குள்ள 50,000 அட்வான்ஸ் போட்டா பழைய ரேட்டாம். போடட்டுமா?

ராஜா சித்தப்பா: போடாத

ராஜா சித்தப்பா: இரு, டைப் பண்றேன்

தினேஷ்: அப்பா டைப் பண்றாரு. எல்லாரும் டீ போட்டு வெச்சுக்கங்க

செல்வம் மாமா: 😄

ராஜா சித்தப்பா: நீ கேக்கற பிஎம்இஜிபி, அதான் தொழில் தொடங்க மத்திய அரசு மானியத்தோட வர்ற கடன், புது யூனிட்டுக்கு மட்டும்தான். கடன் சாங்ஷன் ஆகறதுக்கு முன்னாடி தேதியில உன் பேர்ல பில்லு இருந்தா, ஏற்கனவே நடக்கற தொழில்னு ஒதுக்கிருவாங்க. 50,000-ஐ மிச்சம் பிடிக்கப் போயி லட்சக்கணக்குல மானியத்தை விட்ராத. அவர்கிட்ட கொட்டேஷன் மட்டும் கேளு. லெட்டர்பேடுல, ஜிஎஸ்டி நம்பரோட, விண்ணப்பத்துல இருக்கற மாதிரியே உன் பேரும் ஊரும். பணத்தை பேங்க்கே நேரா அவர் கணக்குக்குப் போடும். உன் கை வழியாப் போகவே கூடாது.

விஜி: நான் நேத்தே சொன்னேன் மாமா. கேட்டாத்தானே

முருகேசன்: சரி சித்தப்பா. ஆனா மொத்தம் 12 லட்சம் ஆகுது. கையில எவ்வளவு போடணும்?

ராஜா சித்தப்பா: நீ முன்னாள் படைவீரர், சிறப்புப் பிரிவுல வருவ. அதனால உன் பங்கு 5%தான், 60,000. பாக்கி 11,40,000 பேங்க். யூனிட்டு செவ்வாப்பேட்டையில போட்டா மாநகராட்சி எல்லை, மானியம் 25%, அதாவது 3 லட்சம். ஏற்காட்டு மலையில நாகலூர்ல போட்டா கிராமம், 35%, 4,20,000. ஒரு மலை ஏறினா 1,20,000 வித்தியாசம்.

தினேஷ்: 20 கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு 6,000

கலா அத்தை: டேய் 😂

கலா அத்தை: ஞாயித்துக்கிழமை சுமதி வளைகாப்புக்கு யார் யார் வர்றீங்க? வளையல் எத்தனை டஜன்னு சொல்லணும்

செல்வம் மாமா: 4,20,000 கைக்கு வருமா மாப்ள? வந்தா முதல்ல கொடோனுக்குக் கூரை மாத்திடலாம்

ராஜா சித்தப்பா: கைக்கு வராது. எல்லாரும் இங்கதான் ஏமாறாங்க. பேங்க் முதல் தவணை குடுத்த பிறகு மானியம் வந்து உன் பேர்ல 3 வருஷ டெபாசிட்டா உட்காரும். டெபாசிட்டுக்கு வட்டி வராது, அந்த அளவு கடனுக்கும் வட்டி போடமாட்டாங்க. 3 வருஷம் கழிச்சு ஆள் வந்து யூனிட்டு ஓடுதான்னு பாப்பாங்க. ஓடுனாத்தான் கடன்ல கழிப்பாங்க. அதனால வட்டி கட்டற கடன் 7,20,000தான், ஆனா 3 வருஷம் மூட முடியாது. பயிற்சி 10 நாள், ஆன்லைன்லயே முடிக்கலாம். அதை முடிக்காட்டி மானியம் நகராது. நில விலையைத் திட்ட மதிப்புல சேக்காத, வெட்டிருவாங்க.

முருகேசன்: முன்னாள் படைவீரர் நல ஆபீஸ்ல வேற சொன்னாங்களே. காக்கும் கரங்கள்

ராஜா சித்தப்பா: முதல்வரின் காக்கும் கரங்கள். 2024 சுதந்திர தின உரையில அறிவிச்சது, 2025 ஆகஸ்ட்ல தொடங்கினாங்க. ஒரு கோடி வரைக்கும் கடன், 30% மூலதன மானியம், 3% வட்டி மானியம். அது உங்களுக்குன்னே வந்த திட்டம்.

தினேஷ்: அப்ப எது லாபம்பா? ஒரு வரியில

ராஜா சித்தப்பா: ஒரு வரியில வராது

ராஜா சித்தப்பா: மலையில போட்டா பிஎம்இஜிபில 5% கூட, 60,000. காக்கும் கரங்கள்ல வட்டியில 3% கழியுது. மானியம் போக சுமாரா 8 லட்சத்தை 5 வருஷத்துல கட்டறேன்னு வெச்சா சராசரி பாக்கி 4 லட்சம், வருஷத்துக்கு 12,000, மொத்தம் கிட்டத்தட்ட 60,000. ரெண்டும் சமம்தான். ஆனா யூனிட்டு டவுன்லன்னா கண்ணை மூடிக்கிட்டு காக்கும் கரங்கள். ஒரே யூனிட்டுக்கு ரெண்டுலயும் மானியம் வாங்க முடியாது. பிஎம்இஜிபில புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சேந்து ஒரு குடும்பம், ஒருத்தருக்குத்தான். விஜி பேர்ல இன்னொண்ணுன்னு யாராச்சும் ஐடியா குடுத்தா கேக்காத.

விஜி: அந்த ஐடியா குடுத்தது செல்வம் அண்ணன்தான்

செல்வம் மாமா: நான் பொதுவாச் சொன்னேம்மா

ராஜா சித்தப்பா: இன்னொண்ணு. உன் டிஸ்சார்ஜ் புக்ல பிறந்த தேதியும் ஆதார்லயும் ஒண்ணா இருக்கா?

முருகேசன்: வருஷம் ஒண்ணு மாறுது சித்தப்பா. ஆதார்ல 84, புக்ல 85

ராஜா சித்தப்பா: முதல்ல அது. ஆதாரை புக்குக்கு ஏத்த மாதிரி மாத்து. பிறந்த தேதியை ஒரு தடவைதான் திருத்த விடுவாங்க, அதனால டீக்கடை பக்கத்துக் கடையில குடுத்துத் தப்பா ஏத்திராத, ஆதார் மையத்துக்கே போ. உத்யம், அதான் சிறுதொழில் பதிவு, இலவசம், 2,000 கேக்கற சைட்டெல்லாம் டூப்பு. அப்பறம் உன் சிபில், அதான் பழைய கடன் விவர ரிப்போர்ட், பாத்தியா?

முருகேசன்: பாத்தேன்

முருகேசன்: மாமாவோட டிராக்டர் கடனுக்கு ஜாமீன் போட்டது அதுல தெரியுது

செல்வம் மாமா: அது கட்டிட்டு இருக்கேன் மாப்ள. ரெண்டு தவணைதான் பாக்கி

கலா அத்தை: குரூப்ல எதுக்கு அதெல்லாம்

ராஜா சித்தப்பா: குரூப்ல இல்ல, பேங்க்ல கேப்பாங்க. ரெண்டையும் இந்த மாசமே கட்டி ரசீதை முருகேசனுக்கு அனுப்பிடு மாப்ள.

தினேஷ்: அண்ணா, 100 கிலோ கொட்டை வறுத்தா எவ்வளவு தூள்?

முருகேசன்: 80-ல இருந்து 85 கிலோ. ஈரம் போயிரும். ரொம்பக் கருக விட்டா இன்னும் குறையும்

ராஜா சித்தப்பா: ரிப்போர்ட்டுல இதை எழுது. 100 வாங்கி 100 விக்கறேன்னு எழுதினா மேனேஜரே சிரிப்பாரு. கொட்டை வாங்கற காசையும் நடைமுறை மூலதனத்துல காட்டு. டிசம்பர்ல இருந்து பிப்ரவரிக்குள்ள எடுத்து வெச்சாத்தான் வருஷம் பூரா ஓடும். மிஷினுக்கே 12-ஐயும் போட்டுட்டு மார்ச்சுல கொட்டை வாங்கக் காசில்லாம நிக்கறவங்கதான் அதிகம். சிக்கரி கலந்தா காபி 51%-க்குக் குறையக் கூடாது, கவர்ல ரெண்டோட அளவையும் போடணும்.

கலா அத்தை: சிக்கரி போட்டா அப்பாயி குடிக்காது

விஜி: மாமா, இடம்?

ராஜா சித்தப்பா: அதுக்குத்தான் வரேன். நாகலூர் கொடோன் பட்டா இன்னும் அப்பா பேர்லயே இருக்கு. கரண்ட் சர்வீஸும். பேங்க் வாரிசுச் சான்று கேக்கும், அப்பறம் எல்லா வாரிசும் கையெழுத்துப் போட்ட லீஸ். 11 மாச ஒப்பந்தம் செல்லாது, கடன் முடியற வரைக்கும் இருக்கணும், அதனால பதிவு பண்ணியே ஆகணும். புதுசா கட்டடம் மட்டும் தொடாத. மலையில அனுமதி வாங்கறதுக்குள்ள சீசன் முடிஞ்சிரும்.

ராஜா சித்தப்பா: கலா, நீயும் ஒரு வாரிசு. கையெழுத்து வேணும்.

(20 நிமிஷம் யாரும் எழுதவில்லை)

கலா அத்தை: மிளகு குத்தகைப் பணம் மூணு வருஷமா எனக்கு வரல. கையெழுத்துன்னாத்தான் கலா ஞாபகம் வருது

ராஜா சித்தப்பா: அது வேற கணக்கு கலா

கலா அத்தை: எனக்கு எல்லாம் ஒரே கணக்குதான்

தினேஷ்: அத்தை, வளையல் 6 டஜன் போதும்

முருகேசன்: அத்தை, நான் நேர்ல வரேன்

கலா அத்தை: வா கண்ணு. உன் மேல எனக்கென்ன கோபம். மிலிட்டரி கேன்டீன்ல மிக்ஸி வந்திருக்கான்னு பாத்துட்டு வா

விஜி: நாகலூர்லயே வாடகைக்கு வேற இடம் பாக்கலாமா மாமா? மும்முனை கரண்ட் இருக்கற இடமா

ராஜா சித்தப்பா: பாரும்மா. அதுவும் கிராமம்தான், 35% கிடைக்கும். ஆனா வாடகை திட்டச் செலவுல ஏறும், கணக்கு மறுபடி போடணும். ஞாயித்துக்கிழமை வளைகாப்பு முடிஞ்சு உக்காந்து பேசலாம்.

செல்வம் மாமா: ஞாயித்துக்கிழமை வேண்டாம், சம்பந்தி வீட்டுக்காரங்க இருப்பாங்க

தினேஷ்: அப்ப சனிக்கிழமை?

கலா அத்தை: சனிக்கிழமை நான் பலகாரம் சுடணும்

முருகேசன்: சித்தப்பா, மிஷின்காரர் மறுபடி கூப்பிடறார்

ராஜா சித்தப்பா: எடுத்து கொட்டேஷன் மட்டும் கேளு

விஜி: எடுத்துட்டாரு. 25,000 போட்டாப் போதும்னு சொல்றாராம்

ராஜா சித்தப்பா: விஜி, போனை நீ வாங்கு