ப்ளூஸ் வாசித்துக்கொண்டு வெளிநாட்டில் குடும்பம் நடத்த முடியுமா?

குடமுருட்டிக்கரை:
வணக்கம். ஊர் பாபநாசம் பக்கம், வயது 32. பன்னிரண்டு வருஷமாக கிட்டார் வாசிக்கிறேன், அதிலும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸ்தான். இசை பற்றி இரண்டு சிற்றிதழ்களில் எழுதுகிறேன். மனைவி நர்ஸ். அவருக்கு சிகாகோவில் வேலை கிடைத்திருக்கிறது, குடும்பத்தோடு போகலாம். மகளுக்கு நாலு வயது. அப்பாவோ, "அவங்க பாட்டை அவங்களுக்கே போய் வாசிச்சுக் காட்டப்போறியா?" என்று கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. வாசித்துக்கொண்டும் எழுதிக்கொண்டும் அங்கே பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

வெட்டாறு:
தம்பி, 1999 முதல் 2018 வரை நான் சிகாகோவில் இருந்தேன். இப்போது திருவையாறு. பிள்ளைகள் இரண்டு பேரும் அங்கேதான் வளர்ந்தார்கள்.

முதலில் காசு. வியாழன், சனி இரவுகளில் நாலு பேர் குழுவில் வாசித்தேன். என் பங்கு ஓர் இரவுக்கு 60 டாலர், நல்ல கூட்டம் என்றால் 90. கட்டுரைகளுக்கு வந்தது அதைவிடக் குறைவு. வாடகை, மருத்துவக் காப்பீடு எல்லாம் மனைவியின் சம்பளத்தில்தான் நடந்தன. அதை மனதார ஏற்றுக்கொள்ள முடிந்தால் மட்டும் கிளம்பு. பிள்ளைகள் என் பொறுப்பு. இரவு இரண்டு மணிக்கு ஆம்ப்ளிஃபயரைப் பனியில் தூக்கி வந்து வைத்துவிட்டு, வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு எழுந்து இட்லி ஊற்றி ஸ்கூல் பஸ்ஸில் ஏற்றிவிடுவேன்.

நான் வாசித்த பாரில் 21 வயதுக்குக் கீழே உள்ளே விட மாட்டார்கள். அதனால் அப்பா மேடையில் வாசிப்பதை அவர்கள் பார்த்ததே குறைவு. பதிலுக்கு ஜூனில் சிகாகோ ப்ளூஸ் விழாவுக்கு வருஷம் தவறாமல் கூட்டிப்போவேன். 1984-லிருந்து நடக்கிறது, நுழைவு இலவசம். கிராண்ட் பார்க் புல்லில் ஜமக்காளம் விரித்துப் புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டே கேட்போம்.

அப்புறம் உன் அப்பாவின் கேள்வி. எங்கள் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர் எழுபதைத் தாண்டியவர். மிசிசிப்பி டெல்டாவில் பருத்தி எடுத்த குடும்பம், சின்ன வயதிலேயே சிகாகோ வந்துவிட்டார். ப்ளூஸ் மேதை மட்டி வாட்டர்ஸும் 1943-ல் அப்படிப் பருத்திப் பண்ணையை விட்டு வந்தவர்தானே. ஒருநாள் பேஸ்காரர் என்னிடம் கேட்டார்: "உன் ஊரும் டெல்டா என்கிறாயே, வயலில் உன் ஜனங்கள் என்ன பாடினார்கள்?"

பஞ்சரத்ன கீர்த்தனைகள் பற்றி எழுதியிருக்கிறேன். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். வாழ்நாள் பூராவும் அடுத்தவர் வயலில் நடவு நட்டவள் என் அப்பாயி. அவள் பாட்டு ஒன்றுகூட எனக்குத் தெரியாது. அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஃபோன் கார்டு வாங்கி ஊருக்குப் பேசி, அப்பாயியை நடவுப் பாட்டு பாடச் சொன்னேன். "கையில நாத்து இல்லாம பாட்டு எப்படிடா வரும்?" என்றாள். சரி, பிறகு பேசுகிறேன் என்றதும், "இரு, முருங்கக்கீரை கிடக்கு" என்று கட்டை எடுத்து உருவ ஆரம்பித்தாள். பாட்டு வந்துவிட்டது. ஓர் அடியை எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் வாங்கிப் பாடவேண்டிய அடியையும் அவளே பாடுவாள். பருத்திக்காட்டுப் பாட்டில் ஒருவர் கூப்பிட மற்றவர்கள் பதில் சொல்வார்கள் என்று புத்தகத்தில் படித்து நான் கட்டுரை எழுதியிருந்தேன். அதையே என் அப்பாயி ஃபோனில் பாடிக்கொண்டிருந்தாள். இரண்டும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். அவர்களின் முன்னோர் சந்தையில் விற்கப்பட்டவர்கள். ஆனால் குனிந்த முதுகோடு நாள் பூராவும் எப்படிப் பாடுவது என்பது எங்கள் வீட்டிலும் ஒருத்திக்குத் தெரிந்திருந்தது.

அந்த மெட்டை ஸ்லைடில், அதாவது கிட்டார் கம்பிமேல் குழாயை வழுக்கி, வாசித்துப் பார்த்தேன். மூன்றாம் சுற்றில் பேஸ்காரர் வந்து சேர்ந்துகொண்டார். என் மகள் அ, ஆ எழுதுவதற்கு முன்பே அந்த அடிகளைப் பாடினாள். அப்பாயி 2006-ல் போய்விட்டாள். கேசட்டில் பதினொரு பாட்டு இருக்கிறது.

மன்னார்குடிப் பெண்:
நானும் வெளிநாட்டில் நர்ஸ். அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஆனால் அவருடைய மனைவி நர்ஸ் இல்லை போலிருக்கிறது. எங்களுக்கு 12 மணி நேர ஷிஃப்ட். நைட் ஷிஃப்ட் விழும் வியாழக்கிழமை நீங்கள் வாசிக்கப் போனால் பிள்ளை யாரிடம் இருக்கும்? கிளம்பும் முன் இதைப் பேசி முடியுங்கள்.

வெட்டாறு:
உண்மைதான் தங்கச்சி. என் மனைவிக்குப் பகல் வேலை. அதை முதலிலேயே சொல்லியிருக்கவேண்டும்.

நரசிங்கம்பேட்டை:
நான் தவில்காரன். பாப்பாவுக்கு ப்ளூஸ் சொல்லிக்கொடுக்க ஒரு வழி சொல்கிறேன். ப்ளூஸில் ஒரு சுற்று என்பது பன்னிரண்டு பார், பாருக்கு நாலு எண்ணிக்கையாக மொத்தம் 48. எட்டு எண்ணிக்கை ஆதி தாளத்தில் சரியாக ஆறு ஆவர்த்தனம், அதாவது ஆறு தாளச் சுற்று. தாளம் போடச் சொல்லுங்கள். முதல் இரண்டு ஆவர்த்தனம் ஸட்ஜமத்தில் நிற்கும், மூன்றாவதில் மத்யமத்துக்குப் போகும், நாலாவதில் திரும்பி வரும். ஐந்தாவதில் பாதி பஞ்சமம், பாதி மத்யமம். ஆறாவது ஸட்ஜமம். ப்ளூஸில் ஷஃபிள் என்கிறீர்களே, அந்த நடை திஸ்ரம், எண்ணிக்கை மும்மூன்றாகப் பிரியும். வாசிக்கிற ஸ்வரங்கள் பெரும்பாலும் சுத்த தன்யாசி ராகம்தான்.

குடமுருட்டிக்கரை:
எல்லாருக்கும் நன்றி. ராத்திரி மனைவியோடு உட்கார்ந்து பேசினேன். முதல் ஆறு மாசம் இரவில் எங்கும் வாசிப்பதில்லை, எழுதுவது மட்டும் என்று முடிவு. அண்ணே, எங்கள் பக்கம் சம்பா நடவு இப்போது பாதிக்கு மேல் மெஷின்தான். பாட்டு தெரிந்தவர் என்று எனக்குத் தெரிந்து என் பெரியம்மா ஒருத்தர்தான், வயது 78. நாளைக்குக் கீரைக்கட்டோடு போகிறேன். பாப்பாவையும் கூட்டிக்கொண்டு.