அமுக்கினால்தான் கீறல் போகுமாம்!

கருப்பு_மைவி (செந்தூல், கோலாலம்பூர்):
கார் பொலிஷ் கற்றுக்கொள்பவர்களுக்காக நாம் வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் நேற்று ஒருவர் பாடம் எடுத்திருக்கிறார்: "டிஏ மெஷினை இரண்டு கையாலும் நன்றாக அமுக்கிப் பிடி, அப்போதுதான் சுழல் கீறல் போகும்." படித்ததும் எரிச்சல்தான் வந்தது. டிஏ (டூயல் ஆக்ஷன்) என்பது பேட் ஆடிக்கொண்டே சுற்றுகிற பொலிஷ் மெஷின். அமுக்கினால் ஆட்டம் மட்டும் இருக்கும், சுற்று நின்றுவிடும். நம்பாதவர்கள் பேட் ஒட்டுகிற பாக்கிங் பிளேட் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். கோடு சுற்றவில்லையா? நீங்கள் பொலிஷ் செய்யவில்லை, காருக்கு மசாஜ் செய்கிறீர்கள்.

பட்டறை_அண்ணன் (பிறை, பினாங்கு):
பாடம் எடுத்தது நான்தான் தம்பி. அங்கே வாயைத் திறக்காமல் இங்கே வந்து எழுதுகிறீர்கள், நல்ல பழக்கம். மறுபடியும் சொல்கிறேன், அமுக்கத்தான் வேண்டும். கருப்பு வண்டியை ராத்திரி பெட்ரோல் நிலைய விளக்குக்குக் கீழே நிறுத்திப் பார்த்திருக்கிறீர்களா? போனட் முழுக்க வட்டம் வட்டமாகத் தெரியும். அதை மயிலிறகால் தடவியா எடுப்பீர்கள்?

பூச்சோங்_வாசி:
முதலில் எந்தக் கீறல் என்று சொல்லுங்கள். அழுக்குத் துணியால் துடைத்து வந்ததா, ரோட்டரி (ஆடாமல் சுற்ற மட்டும் செய்கிற மெஷின்) விட்டுப்போன ஹோலோகிராம் தழும்பா, நகத்தில் தட்டுகிற ஆழமா? மூன்றுக்கும் மூன்று வைத்தியம்.

கருப்பு_மைவி:
அண்ணே, மயிலிறகு வேண்டாம். கீறலை வெட்டுவது காம்பவுண்ட் பசையும் பேடும். இரண்டடிக்கு இரண்டடி இடம், குறுக்கும் நெடுக்கும், நொடிக்கு ஓர் அங்குலம், அவ்வளவுதான். வளைந்த இடத்தில் பேட் இன்னும் சீக்கிரம் நிற்கும். நீங்கள் சொல்கிறபடி அமுக்கினால் சூடுதான் ஏறும். பெயிண்டுக்கு மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சு, அந்தக் கிளியர் கோட்டே பெரும்பாலான வண்டிகளில் 40, 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெலிசு. கதவு விளிம்பில் அதுவும் இருக்காது. டேப் ஒட்டச் சொன்னீர்களா? இல்லை. அமுக்கச் சொன்னீர்கள்.

பட்டறை_அண்ணன்:
மைக்ரான் பேசுகிறார்! பெயிண்ட் கனம் அளக்கிற கேஜ் இருக்கிறதா உங்களிடம்? சாதாரண கேஜ் மொத்த பெயிண்டின் கனத்தைத்தான் காட்டும், கிளியர் கோட்டைத் தனியாகக் காட்டாது. பிளாஸ்டிக் பம்பரில் அதுவும் காட்டாது. நான் கையால் தொட்டே சூட்டைச் சொல்வேன். அப்புறம், ஃப்ளெக்ஸ் கம்பெனியில் கியர் வைத்த மெஷின் இருக்கிறதே, எவ்வளவு அமுக்கினாலும் சுற்றும். அதுவும் டிஏதான். பதில் சொல்லுங்கள் பார்ப்போம்.

கருப்பு_மைவி:
அது கட்டாயச் சுழற்சி, கதையே வேறு. நீங்கள் பாடம் எடுத்தது ஆன்லைனில் ஷாப்பீயில் மலிவு மெஷின் வாங்கிய பையன்களுக்கு.

பட்டறை_அண்ணன்:
டிஏவா, இல்லையா?

கருப்பு_மைவி:
டிஏதான், ஆனால்…

பட்டறை_அண்ணன்:
போதும். டிஏவை அமுக்கலாம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். எல்லாரும் படித்துக்கொள்ளுங்கள்.

ஜோர்ஜ்டவுன்_ராணி:
உங்கள் சண்டைக்கு நடுவே என் வயிற்றெரிச்சல். இங்கே பினாங்கில் ஒரு கடையில் கொடுத்துப் பளபளவென்று வாங்கி வந்தேன். இரண்டு தடவை கழுவியதும் பழைய கீறலெல்லாம் ஆஜர்.

பூச்சோங்_வாசி:
அக்கா, அவர்கள் கீறலை எடுக்கவில்லை, ஃபில்லர் கலந்த பொலிஷால் நிரப்பி மறைத்திருப்பார்கள். அடுத்த முறை கடையிலேயே ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) தெளித்துத் துடைத்துவிட்டு, டார்ச் அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பட்டறை_அண்ணன்:
வந்துவிட்டார்கள் கடைக்காரனைக் குறை சொல்ல! பினாங்குக் கடையில் என்ன குறை? கேஎல்லில் (கோலாலம்பூரில்) நுரை போட்டுக் கழுவுகிற ஸ்னோ வாஷ் பையன்கள் டயர் துடைத்த துணியாலேயே போனட்டையும் துடைக்கிறார்கள். கீறல் பிறப்பதே அங்கேதான். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறீர்கள். மதியம் வெயிலில் கொதிக்கிற போனட்டில் காம்பவுண்டைப் போட்டு, அது காய்ந்து மாவாகப் பறந்ததும் "மெஷின் சரியில்லை அண்ணே" என்று எனக்குப் போன் செய்கிற கூட்டம் எந்த ஊர்? நான் பெயர் சொல்லவில்லை.

கருப்பு_மைவி:
சொல்லுங்கள், நான்தான் போன் செய்தேன். அப்போதும் "அமுக்கு" என்றுதான் சொன்னீர்கள். வெயிலில் நிற்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா?

பட்டறை_அண்ணன்:
கேட்காமலே நிழலில் செய்வான் என்று நினைத்தேன், அது என் தப்பா? அது கிடக்கட்டும். தீபாவளிக்கு முன்பு என்னிடம் வாங்கிப்போன கம்பளிப் பேட் எங்கே?

கருப்பு_மைவி:
பிய்ந்த பேடைக் கொடுத்துவிட்டு அதற்குக் கணக்கு வேறு. என் போனட் முழுக்க நார்.

பூச்சோங்_வாசி:
பேட் சுற்றுகிற வரைக்கும் கொஞ்சம் அழுத்தலாம், கடைசி ஒன்றிரண்டு தடவை மெஷின் கனத்திலேயே விடலாம். பினாங்கும் கேஎல்லும் இதற்கு எதற்கு?

பட்டறை_அண்ணன்:
பார்த்தீர்களா, அவரும் அழுத்தலாம் என்கிறார்.

கருப்பு_மைவி:
"பேட் சுற்றுகிற வரைக்கும்" என்பதை ஏன் விழுங்குகிறீர்கள்? கோடு போட்டுக் காட்டுங்கள். வீடியோ போடுங்கள்.

பட்டறை_அண்ணன்:
எனக்கு வீடியோ போடுகிற வேலை இல்லை, வண்டி வரிசையில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை பிறைக்கு வாருங்கள், உங்கள் மைவி காரிலேயே அமுக்கிக் காட்டுகிறேன். பேடையும் எடுத்து வாருங்கள்.

கருப்பு_மைவி:
என் வண்டியிலா? உங்கள் வண்டியில் காட்டுங்கள்.

ஜோர்ஜ்டவுன்_ராணி:
அண்ணன் வண்டி வெள்ளை. அதில் கீறல் கிடந்தாலும் யாருக்குத் தெரியப்போகிறது?

பட்டறை_அண்ணன்:
வெள்ளையிலும் தெரியும், டார்ச் பிடிக்கத் தெரிந்தால். ஞாயிறு, பத்து மணி. வருகிறீர்களா, இல்லையா?

கருப்பு_மைவி:
டோல் காசு யார் தருவது?