பரு நிறைய இருக்கிற முகத்தில் பான்கேக் போடலாமா? ஐந்து வாரத்தில் அரங்கேற்றம்

சலங்கை16:

எனக்கு 16 வயது, பிளஸ் ஒன். இன்னும் ஐந்து வாரத்தில் அரங்கேற்றம், பத்திரிகை கூட அடித்தாகிவிட்டது. ஆனால் நெற்றி, கன்னம், தாடை ஓரம் எல்லாம் பரு. சிலது சிவந்து தொட்டாலே வலிக்கிறது, சிலது அமுங்கிப் போய்க் கறுப்பாக நிற்கிறது. நவராத்திரிக்குக் கோயிலில் ஆடியபோது மேக்கப் அண்ணா எங்கள் எட்டுப் பேருக்கும் ஒரே ஸ்பாஞ்சில் பான்கேக் என்கிற மேடை மேக்கப்பைப் போட்டார். முடிந்ததும் எப்போதும் போலத் தேங்காய் எண்ணெய் தேய்த்து, பழைய வேட்டித் துணியால் அழுத்தித் துடைத்தோம். அடுத்த வாரமே முகம் முழுக்கக் கிளம்பிவிட்டது. அம்மா மேக்கப்பே வேண்டாம் என்கிறார், டீச்சரோ மேடை லைட்டில் முகம் வெளிறிவிடும், பான்கேக் போட்டே ஆக வேண்டும் என்கிறார். பக்கத்து வீட்டு அத்தை மெடிக்கலில் ஒரு க்ரீம் வாங்கித் தந்து நாலே நாளில் போய்விடும் என்றார், இன்னும் திறக்கவில்லை. அப்புறம், பள்ளிக்குப் பருவை மறைக்கிற கன்சீலர் கொஞ்சம் போட்டுப் போனால் பரு கூடுமா?

பழைய நட்டுவாங்கம்:

தங்கச்சி, நானும் அந்த வேட்டித் துணியில் துடைத்து வளர்ந்தவள்தான். பான்கேக்கை மட்டும் குற்றம் சொல்லாதே. அது தண்ணீரில் குழைத்துப் போடுகிற பவுடர் கட்டி, ஹாலிவுட்டில் கலர் படம் வந்த 1930களில் மேக்ஸ் ஃபேக்டர் கொண்டுவந்த சரக்கு. அதற்கு அடியில் பேஸ் என்று குச்சியில் வருமே, கொழகொழவென்று, அதுதான் பருவுக்கு ஆகாது. தேங்காய் எண்ணெய் அதைவிட மோசம், துவாரத்தை அடைக்கிற எண்ணெய்களில் அதற்கு முன்வரிசை. அதைத் தேய்த்து, சொரசொரப்பான துணியால் பருவின் மேலேயே அழுத்தித் துடைத்தால் வீங்காமல் என்ன செய்யும்?

மேக்கப் எடுக்க மைசெல்லார் வாட்டர் என்று கிடைக்கிறது. பஞ்சில் நனைத்துச் சிறிது நேரம் முகத்தில் வைத்திரு, பான்கேக் தானாக இளகி வரும். அதன் பிறகு மென்மையான ஃபேஸ் வாஷ் போட்டு இரண்டு தடவை கழுவு. ஆடி முடித்ததும் சாப்பாடு, போட்டோ, சொந்தக்காரர் என்று மணி பதினொன்று ஆகிவிடும், மேக்கப்போடு படுத்துவிடாதே. நான் அப்படித்தான் படுத்தேன்.

இன்னொன்று, அன்றைக்குச் சவுரி வைத்துப் பின்ன வேண்டும் என்று தலை நிறைய எண்ணெய் வைப்பார்கள். அது வியர்வையோடு நெற்றியில் இறங்கும், தலையில் கட்டுகிற நகையான தலைசாமானின் கயிறு வேறு அதே இடத்தில் அழுத்தி உராயும். முடி ஓரத்துப் பரு பாதி அதனால்தான். படிய வைக்க ஜெல் போதும்.

மருந்துக்கடை மாமா:

அந்த க்ரீம் டியூபில் பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா பாரும்மா. இருந்தால் அது ஸ்டீராய்டு. நாலு நாளில் அத்தை சொன்ன மாதிரியே முகம் பளிச்சென்று ஆகும், அதில்தான் எல்லோரும் மயங்குவது. நிறுத்தினால் முன்பைவிடக் கூடுதலாகப் பரு வரும், எரியும், சிவக்கும், நாளாக ஆகத் தோல் மெலிந்து ரத்தக்குழாய் தெரியும். 2018லேயே இந்த மாதிரி க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று ஷெட்யூல் ஹெச் என்கிற மருந்துப் பட்டியலில் போட்டுவிட்டார்கள், ஆனாலும் கேட்டால் எடுத்துக் கொடுக்கிற கடை இருக்கத்தான் செய்கிறது. எங்கள் தொழிலைப் பற்றி நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

வலிக்கிற பரு என்கிறாய், அதனால் இந்த வாரமே தோல் டாக்டரிடம் போ. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு ஓபி (வெளிநோயாளி பிரிவு) உண்டு, சீட்டுப் போட்டுக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அரங்கேற்றத் தேதியை மறக்காமல் சொல். பருவுக்கு அடாபலீன் மாதிரி ஜெல் எழுதிக் கொடுத்தால் முதல் சில வாரம் தோல் காய்ந்து உரியும், பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். உரிகிற தோலில் பான்கேக் திட்டுத்திட்டாக நிற்கும். எதை இப்போது ஆரம்பிப்பது, எதைத் தள்ளிப் போடுவது என்று அவர் பார்த்துக்கொள்வார். பென்சாயில் பெராக்சைடு என்கிற பரு மருந்தைக் கொடுத்தால் 2.5 சதவீதமே போதுமா என்று கேள், அதிகச் சதவீதம் என்றால் எரிச்சல்தான் அதிகம். டவல், தலையணை உறையெல்லாம் அதில் வெளுத்துப் போகும், உன் நல்ல பாவாடை சட்டையில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்.

வாசல்கோலம்:

இதெல்லாம் எதற்கு? பயத்தம்மாவும் எலுமிச்சைச் சாறும் பூசினால் பத்தே நாள். எங்கள் காலத்தில் எந்த டாக்டரிடம் போனோம்?

கல்யாண மேக்கப் அக்கா:

பயத்தம்மாவு இருக்கட்டும் அம்மா, எலுமிச்சையை மட்டும் வேண்டாம். முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் முன்னால் எலுமிச்சை தேய்த்துக்கொண்டு வெயிலில் போய், கன்னம் எரிந்து கறுத்து வந்த பெண்ணுக்கு நான் மேக்கப் போட்டிருக்கிறேன், மறைக்கவே முடியவில்லை.

பாப்பா, பள்ளிக்குக் கன்சீலர் போடலாம், ஆனால் பருவின் மேல் மட்டும். மருந்து, அது காய்ந்ததும் எண்ணெய் இல்லாத மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், அதற்கு மேல் கன்சீலர் என்று வரிசை. சன்ஸ்கிரீனை விடாதே, நம் மாநிறத் தோலில் பரு போனாலும் கறுப்பு மாதக்கணக்கில் நிற்கும், வெயில் அதை இன்னும் கருக்கும். கறுப்பை மறைக்க உன் நிறத்தைவிட வெளுத்த கன்சீலர் வாங்காதே, சாம்பல் பூத்த மாதிரி தெரியும். ஆரஞ்சு கலந்த கரெக்டரைக் கடுகளவு தொட்டு வைத்து, அதன் மேல் உன் நிறத்துக்குப் பொருந்துவதைப் போடு. விரலால் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடு. ஆறாத புண், கிள்ளி ரத்தம் வந்த பரு இருந்தால் அன்றைக்கு அந்த இடத்தை விட்டுவிடு.

லேபிளில் நான்-காமெடோஜெனிக் என்று தேடு, துவாரத்தை அடைக்காது என்று அர்த்தம். ஆனால் அந்த வார்த்தைக்குச் சட்டப்படி கறாரான வரையறை இல்லை, கம்பெனி சொல்வதுதான், அதனால் காதுக்குக் கீழே தாடை ஓரத்தில் மூன்று நாலு நாள் தடவிப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போ. ஒருநாள் போட்டதால் மட்டும் துவாரம் அடைத்துக்கொள்ளாது, அதற்கு வாரக்கணக்கில் ஆகும். உனக்கு உடனே கிளம்பியதற்கு அந்தத் துடைத்த துடைப்பும் ஸ்பாஞ்சும்தான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஸ்பாஞ்சை மட்டும் யாரிடமும் கேட்காதே. ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கிறது, உனக்கென்று இரண்டு வாங்கிக்கொண்டு போ. மேக்கப் போட வருகிறவர் முகம் சுளித்தாலும் சுளிக்கட்டும், இதைத்தான் போட வேண்டும் என்று சொல். கண் மையும் தனி. வீட்டில் வைத்திருக்கிற பிரஷ்ஷை வாரம் ஒருமுறை ஷாம்பு போட்டுக் கழுவி, தலைகீழாகக் காய வை.

சலங்கை16:

அத்தை தந்த டியூபை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன், குளோபெட்டசால் என்றுதான் இருக்கிறது. அம்மாவிடம் காட்டினேன், திங்கட்கிழமை ஓபிக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். பேஸ் இல்லாமல் பான்கேக் மட்டும் போட்டால், வர்ணம் என்கிற நீளமான நடன உருப்படி முழுக்கத் தாங்குமா அக்கா? என் வர்ணம் 35 நிமிடம், வியர்த்துக் கொட்டும்.

பழைய நட்டுவாங்கம்:

தாங்கும். மெல்லிசாக இரண்டு பூச்சு, முதல் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு இரண்டாவது. வர்ணம் முடிந்து உள்ளே வந்ததும் டிஷ்யூவால் ஒற்று, துடைக்காதே, வேண்டுமானால் பவுடர் தட்டிக்கொள். முன்னாலேயே ஒருநாள் இதே மாதிரி போட்டு, முழு வர்ணமும் வீட்டில் ஆடிப் பார். மைசெல்லார் வாட்டரை மேக்கப் பெட்டியில் இப்போதே வைத்துவிடு, அன்றைக்கு யார் வீட்டுக்குப் போய் எடுப்பது?